கடுகு வெடிக்கும் பக்கம்

திருப்பி மாட்டினால் தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம், ஒரு நிமிஷ வேலை, இடது கிண்ணத்தை வலது காதிலும் வலது கிண்ணத்தை இடது காதிலும் வைத்துவிட்டால் போதும், அந்த மந்தம் ஹெட்போனோடு சேர்ந்து இடது பக்கத்துக்குப் போனால் கெட்டது ஹெட்போன், போகாமல் வலது பக்கமே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டால் கெட்டது சவரிராஜின் காது. இது தெரியாதவனா சவரிராஜ், பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரியில் ஊரார் காதையெல்லாம் சோதித்துக் கோடு போட்டுக் கொடுக்கிறவன், அதுவும் ஹெட்போன் மாட்டித்தான் சோதிக்கிறவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, பூசைக்குப் போய் வந்து, கோழிக்குழம்பு சாப்பிட்ட கையைக் கழுவி, சத்தம் இடைஞ்சல் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, பாலக்கரை வீட்டு மாடியின் முன்னறையில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து அவன் செய்தது திருப்பி மாட்டுகிற அந்த ஒரு காரியத்தை அல்ல. வலது கிண்ணத்தின் மூன்று திருகுகளையும் பத்தாவது தடவையாகக் கழற்றினான். பத்து நாள், பத்து தடவை. உள்ளே மனைவி லூர்துமேரி தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு எழுந்திருப்பாள், அதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும், இன்றைக்குச் சரியாகிவிடும், நேற்றைக்கே கொஞ்சம் தேவலை போலத்தான் இருந்தது, இருந்ததா, இருந்தது. திருகுகளைத் தேநீர்த் தட்டில் வைத்தான். வைத்த சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் கேட்டது என்று மட்டும் அவன் யோசிக்கவில்லை, யோசிக்காமல் இருப்பதற்கும் ஒரு பலம் வேண்டியிருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு பாரம் தூக்குகிறவன் மாதிரி யோசிக்காமல் இருந்தான்.

ஜப்பான் என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தான். ஜப்பானில் செய்தது, அவனைவிட ஐந்து வயது மூத்தது, காதை முழுக்கப் பொத்துகிற மூடின ரகம், பழுப்புப் பிளாஸ்டிக் கிண்ணம், உள்ளங்கை அளவுக்குப் பெரிசு, தலைப்பட்டையில் தோல் வெடித்து வயசான ஆளின் குதிகால் மாதிரி இருக்கும். கமாலுதீன் ஆம்பூரிலிருந்து அனுப்பினான். கமால் பள்ளிக்கூடத்துச் சேக்காளி, பழைய ஹெட்போன் பைத்தியத்தை அவனுக்கு ஏற்றிவிட்டவனும் அவன்தான். இரண்டு பேருக்கும் இதுதான் இருபது வருஷமாகப் பேச்சு, எதைத் திறந்தாய், எங்கே பஞ்சு வைத்தாய், எந்த ஓட்டையை அடைத்தாய், ஆழச் சத்தம் வந்ததா, உச்சிச் சத்தம் செத்துப்போனதா. ஊர் உலகமெல்லாம் ஏதேதோ பாட்டைப் போட்டு ஹெட்போனைச் சோதிக்கும், சவரிராஜுக்குக் கடுகுதான். லூர்து தாளிக்கிற சத்தத்தை ஒரே ஒரு மைக்கை வைத்து ஒரு தடவை பிடித்து வைத்திருந்தான், நாற்பது வினாடி, எண்ணெய் காய்கிற முணுமுணுப்பு, பிறகு ஒரு கடுகு, இரண்டு கடுகு, அப்புறம் ஒட்டுமொத்தமாகப் படபடவென்று, நடுவில் அவள் வளையல், கடைசியில் கறிவேப்பிலையின் சீறல். ஒரே மைக்கில் பிடித்தது என்பதால் இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான் போகும், போனால் கடுகு இடதும் வலதும் இல்லாமல் நட்ட நடு நெற்றியில் நின்று வெடிக்க வேண்டும். வெடித்தால் நல்ல ஹெட்போன். கமால்கூட யாரிடமாவது விலை பேசும்போது, 'சவரி கடுகு போட்டுப் பாத்துட்டான், தைரியமா வாங்குங்க' என்பானாம். அந்தக் கடுகு பத்து நாளாக நடு நெற்றியில் இல்லை. இடது காதோரம் போய் ஒதுங்கி, அங்கே மட்டும் வெடித்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் எண்ணெய் மட்டும் காய்ந்துகொண்டே இருந்தது, காய்ந்துகொண்டே, யாரோ அடுப்பை ஏற்றிவைத்துவிட்டுக் கடுகு போட மறந்து எங்கேயோ எழுந்து போய்விட்ட மாதிரி.

பார்சல் வந்த நாளும் அந்த நாளும் ஒன்றாகப் போனதுதான் வினை. போன வாரத்து வெள்ளிக்கிழமை காலையில் முகச்சவரம் செய்கையில் வலது காதில் தண்ணீர் போய் அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது, தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தான், வரவில்லை, சரி வந்துவிடும் என்று பஸ் ஏறிவிட்டான். சாயங்காலம் பார்சலைப் பிரித்து ஜப்பானை மாட்டினதும் வலது பக்கம் மந்தமாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. காலையிலிருந்து உள்ளுக்குள் ஒரு மூலையில் எழுந்து நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பயத்தை, இதோ, பழைய ஹெட்போன், உள்ளே சத்தம் எழுப்புகிற தட்டு தளர்ந்திருக்கும், நாற்பத்தாறு வருஷப் பண்டம் பின்னே எப்படி இருக்கும் என்று தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டான். அன்றைக்கே திறந்தான். உள்ளே இருந்த பழைய நுரை கைபட்டதும் கருப்புப் பொடியாக உதிர்ந்தது, பார்த்தாயா நான் சொன்னேன் இல்லையா என்று தன்னிடமே சொல்லிக்கொண்டான். நுரையை வழித்தெடுத்து மெல்லிசாகப் பஞ்சு வைத்தான். மறுநாள் அந்தப் பஞ்சில் பாதியைப் பிய்த்தான். மூன்றாம் நாள் கிண்ணத்தின் உட்சுவரில் தடித்த அட்டை ஒட்டினான், சத்தம் மோதித் திரும்பட்டும் என்று. அப்புறம் தட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற காகித வளையத்தில் ஊசியால் ஐந்து ஓட்டை, அடுத்த நாள் இன்னும் ஐந்து. எல்லாம் வலது கிண்ணத்துக்கே, இடதை அவன் தொடவில்லை, அது நன்றாக இருக்கிறதே, அதை ஏன் தொட வேண்டும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினான். பஞ்சு பாதி, கடுகு இல்லை. அட்டை, கடுகு இல்லை. ஊசி ஐந்து, கடுகு லேசாக. லேசாக என்பதை எழுதும்போது அவனுக்கே தெரிந்தது, அது கேட்டதை எழுதியதில்லை, ஆசைப்பட்டதை எழுதியது.

ஆசைப்பட்டதை எழுதுகிறவர்களை அவனுக்குத் தெரியாதா. வேலையே அவர்களோடுதானே. கண்ணாடி பதித்த சின்ன அறை, உள்ளே ஒரு நாற்காலி, நாற்காலியில் ஆள், ஆள் காதில் ஹெட்போன், கையில் பொத்தான். வெளியே மெஷினுக்கு முன்னால் சவரிராஜ். 'பீப் சத்தம் எவ்வளவு மெதுவா கேட்டாலும் அழுத்துங்க, கேக்கலேன்னா சும்மா இருங்க, கேக்காததைக் கேட்டதா அழுத்தாதீங்க, அப்புறம் எனக்கும் பிரயோஜனம் இல்ல உங்களுக்கும் பிரயோஜனம் இல்ல.' ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லுவான். அப்படியும் அழுத்துவார்கள். ஒரு பெரியவர், லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், லைசென்ஸ் புதுப்பிக்கக் காகிதம் வேண்டும் என்று வந்தவர், கண்ணாடி வழியாக இவன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார், இவன் மெஷினில் கை வைக்கும்போது தோள் அசையும், அசைந்த உடனே அழுத்தினார், சத்தமே அனுப்பாமல் தோளை மட்டும் அசைத்துப் பார்த்தான், அதற்கும் அழுத்தினார். இவன் சிரித்துவிட்டான். அந்தாளும் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்று முகம் அப்படியே தொங்கிப்போனது. அதைவிடப் பாப்பாத்தி என்று ஒருத்தி. பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறவள், தோளில் பையோடு வந்தாள், திடீரென்று ஒரு காது போய்விட்டது என்று. என்றையிலிருந்து என்றான். நாற்பது நாள் இருக்கும் சார் என்றாள். நாற்பது நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க? 'அழுக்கு அடைச்சிருக்கும்னு நெனச்சேன் சார். பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காச்சி விட்டுட்டு இருந்தேன்.' சவரிராஜுக்குக் கோபம் வந்தது, வாயில் வந்ததைக் கேட்டான், 'காது என்ன தாளிக்கிற கரண்டியாம்மா?' காது டாக்டர் நளாயினியின் அறையிலிருந்துகூடச் சிரிப்புச் சத்தம் வந்தது. பாப்பாத்தி சிரிக்கவில்லை. அவள் காதைச் சோதித்துச் சிவப்பு வட்டங்களைப் போட்டான், வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி, அதுதான் கணக்கு. நீலம் மேலே நேர்வரிசையில் நிற்க, சிவப்பு ஒவ்வொரு படியாக இறங்கி இறங்கித் தாளின் அடிக்கே போய்விட்டது. டாக்டரம்மா அவளிடம் மெதுவாகத்தான் சொன்னாள். இது நரம்பு சமாச்சாரம், முதல் வாரம் வந்திருந்தால் மாத்திரையிலேயே திரும்ப வாய்ப்பிருந்தது, இரண்டு வாரம் வரைக்கும்கூடப் பார்க்கலாம், அதுக்குப் பிறகு போகப் போக நம்ம கையில் இல்லை. பாப்பாத்தி சவரிராஜிடம் திரும்பிக் கேட்டாள், 'எண்ணெய் விட்டதாலயா சார் போச்சு?' இல்லைம்மா, எண்ணெய் விட்டுக்கிட்டே இருந்ததால.

பத்து நாள். பதினாலில் பத்து போனால் நாலு. சவரிராஜ் சத்தம் எழுப்புகிற தட்டின் முகப்பை மூடியிருந்த கம்பளி வட்டத்தை இடுக்கியால் பிடித்தான். எட்டணாக் காசு அகலத்தில் சாம்பல் நிறம், உச்சிச் சத்தம் குத்தாமல் இருப்பதற்காகச் செய்தவன் வைத்தது. இதை எடுத்தால் கடுகு வந்துவிடும். இதை எடுக்காமல் விட்டதுதான் தப்பு, இதுதான், இத்தனை நாள் இதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. வேர்வை ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. எங்கோ ஒரு கோயில் மணி அடித்தது, மூன்றா, அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குக் கிழக்கே இருக்கிற கோயில், பிறந்ததிலிருந்து கிழக்கே இருக்கிற கோயில், அதன் மணி இப்போதெல்லாம் இடது காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சும்மா இரு, சும்மா இரு. போன ஞாயிற்றுக்கிழமை இதே நேரம் படுத்திருந்தான், இடது பக்கமாகப் புரண்டு இடது காதைத் தலையணையில் வைத்ததும் வீடு மறைந்துபோனது. விசிறி போனது, தெருவில் சைக்கிள் மணி போனது, பக்கத்தில் லூர்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவளும் போனாள். மிச்சம் இருந்தது ஒரு பீப். சன்னமாக, நிற்காமல். அது எந்தச் சுருதி என்று அவனுக்குத் தெரியும், மெஷினில் நாலாயிரம் என்று போட்டிருக்கிற குமிழில் வருகிற அதே பீப், அச்சு அசல். உள்ளே எவனோ ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு பத்து நாளாகக் குமிழிலிருந்து விரலை எடுக்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவரிராஜ் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்குச் சட்டென்று மல்லாந்து படுத்துவிட்டான். தலையணை தடிமன், அதுதான் அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டான். போனை எப்போது வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, வலது கையில் ஒயர் ஒட்டுகிற பற்றவைப்புக் கோல் இருக்கிறது, அதனால் என்பான், ஆஸ்பத்திரியில் ஏது பற்றவைப்புக் கோல். அங்கே காலையில் முதல் வேலை, மெஷினின் ஹெட்போனை அவனே மாட்டி இரண்டு பக்கமும் சரியாக வருகிறதா என்று கேட்டுப் பார்த்து ரெஜிஸ்டரில் டிக் போடுவது. பத்து நாளாக அந்த ஹெட்போனில் இடதை மட்டும் தூக்கி இடது காதில் வைத்துக் கேட்டான், பிறகு வலதைத் தூக்கி அதையும் இடது காதில் வைத்துக் கேட்டான், இரண்டும் சரி, டிக். கை தானாக அப்படிச் செய்தது. கைக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியக் கூடாது.

போன் நடுங்கியது. கமால். எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவான், எடுத்தான், இடது காதில் வைத்தான். 'என்னா மாப்ள, ஜப்பான்காரன் பேசுறானா?' இல்லடா, இன்னும் வலப்பக்கம் மந்தம்தான். 'நான் அன்னிக்கே சொன்னேன்ல, திருப்பி மாட்டிப் பாருன்னு. பாத்தியா?' சவரிராஜ் சொன்னான், காதுல படுற பேட் கோணல்டா, காதுக்குப் பின்னால தடிமன், முன்னால மெல்லிசு, திருப்பிப் போட்டா காதைச் சரியா மூடாது, இடுக்கு வழியா சத்தம் ஒழுகிடும், அப்புறம் எப்படி ஒப்பிடுறது, அது நியாயமான சோதனையே இல்ல. சொல்லச் சொல்ல அது உண்மையாகவே இருந்தது, பேட் கோணல்தான், இடுக்கு விழத்தான் செய்யும், அதுதான் அதில் கொடுமை. 'அட போடா வெங்காயம், ஒழுகினா என்ன, ஒரு நிமிஷம் கையால அமுக்கிப் பிடிக்க மாட்டியா? சரி, உன்கிட்ட அந்த ஜெர்மன் ஹெட்போன் இருக்கில்ல, அதுல போட்டுக் கேளு.' கேட்டேன். 'அதுல?' சவரிராஜ் திருகுகளைத் தட்டில் வரிசையாக அடுக்கினான். 'ஏய், அதுல எப்படி இருக்கு?' அதுலயும் அப்படித்தான். கமால் அடுத்து என்ன கேட்டுவிடுவானோ என்று பயந்து சவரிராஜ் முந்திக்கொண்டு உளறினான், அதுவும் பழசுதானே, அதுலயும் வலது தட்டு போயிருக்கும், இல்லேன்னா ஒலிபெருக்கிப் பெட்டியில வலது லைன் வீக்கா இருக்கும், ஒயரை மாத்திட்டேன், இருந்தாலும், பார்சல்காரன் எங்கயாவது தூக்கி எறிஞ்சிருப்பான், நீயும் சரியாக் கட்டல கமாலு. 'நான் சரியாக் கட்டலியா?' குரல் மாறிவிட்டது அவனுக்கு. 'ரெண்டு நாள் நானே மாட்டிக் கேட்டுட்டு, என் பொண்டாட்டியோட பழைய துப்பட்டாவுல சுத்தி அனுப்புனேன்டா. அதுல ஒரு குறையும் இல்ல. உனக்குப் புடிக்கலேன்னா திருப்பி அனுப்பிடு, நான் வச்சுக்கறேன்.' வேணாம், வேணாம்டா, என்று சவரிராஜ் கத்தியே விட்டான். ஜப்பான் போய்விட்டால் குற்றம் சுமக்க யார் இருக்கிறார்கள். 'இருக்கட்டும்டா, நான் சரிபண்ணிடுவேன், இன்னிக்கு முடிச்சிடுவேன்.' கமால் மெதுவாகக் கேட்டான், 'சவரி, நீ நல்லாத்தானே இருக்க?' நல்லாத்தான் இருக்கேன், எனக்கென்ன.

வைத்துவிட்டான். கம்பளி வட்டத்தை உரித்தான், பசையோடு சேர்ந்து வந்தது, இனி ஒட்ட வராது. மூடினான், மூன்று திருகு, மாட்டினான், கடுகு. எண்ணெய் காய்ந்தது. முதல் கடுகு இடது. இரண்டாவது இடது. அப்புறம் படபடவென்று எல்லாம் இடது, வளையல் இடது, கறிவேப்பிலை இடது, வலது பக்கம் ஒரு போர்வையைப் போட்டு மூடின அடுப்பு. ஜப்பானைக் கழற்றி ஜெர்மனை மாட்டினான், கனமான இரும்புப் பட்டை, உச்சந்தலையை அழுத்துகிறது, கடுகு இடது. மறுபடி ஜப்பான். மறுபடி ஜெர்மன். மறுபடி ஜப்பான். சத்தத்தை ஏற்றினான், இடது காது வலித்தது, வலித்தாலும் ஏற்றினான், ஒரு கடுகு, ஒரே ஒரு கடுகு இந்தப் பக்கம் வந்து வெடித்தால் போதும் மாதாவே, வேறொன்றும் கேட்கவில்லை. அதோ, வந்த மாதிரி இருந்தது, இல்லை, அது உள்ளே இருக்கிறவன் அனுப்புகிற பீப். ஆஸ்பத்திரியில் என்ன பேசுவார்கள் என்பது நினைப்பில் வந்தது, செவிடன் வந்து காது பாக்குறான்யா. பேசட்டும், அதுகூடப் பரவாயில்லை. இடதும் போய்விட்டால். இது போன வழி தெரியவில்லையே, ஒரு காலையில் சவரம் பண்ணும்போது போனது, இன்னொரு காலையில் அதுவும் அதே மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், லூர்து என்னத்தைப் பேசினாலும் வாய் மட்டும் அசையும், அவன் அவள் தோளைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, ஊகித்துத் தலையாட்டுவான். ஏற்கெனவே ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறான். பத்து நாளாக அவள் வலது பக்கம் நின்று சொன்ன எதற்கும் அவன் பதில் சொல்லவில்லை, இந்தப் பாழாய்ப்போன ஹெட்போனை வாங்காதீங்க என்று அவள் அன்றைக்குச் சண்டை போட்டதற்காகத்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அவள் நினைத்தாள், அவன் அப்படியே நினைக்க விட்டுவிட்டான். கோபக்காரன் என்ற பெயர் எவ்வளவோ மேல். அவள் இரண்டு நாள் பதிலுக்குப் பேசாமல் இருந்தாள், பிறகு அவளே விட்டுக்கொடுத்து அவனுக்குப் பிடிக்கும் என்று இன்றைக்குக் கோழி எடுத்தாள், சாப்பிடும்போது வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டாள், என்ன கேட்டாள் என்று இந்த நிமிஷம் வரைக்கும் அவனுக்குத் தெரியாது, ம் என்று சொல்லிவைத்தான். அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தோளில் கை விழுந்ததும் தூக்கிவாரிப்போட்டது. லூர்து பின்னால் வலது பக்கம் நின்றிருந்தாள், கூந்தல் அவிழ்ந்து, கன்னத்தில் பாய்க் கோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. ஹெட்போனைக் கழற்றிவிட்டு இடது காது அவளுக்கு நேராக வரும்படி கழுத்தைத் திருப்பினான், அது இப்போது பழக்கமாகியிருந்தது. 'மூணு தடவை கூப்பிட்டாச்சு. டீ வேணுமா வேணாமான்னு கேட்டா அதுக்கும் ஒரு கோவமா? நாலாங்கிளாஸ் பிள்ளைங்க நாப்பது பேரைக் கட்டி மேய்க்கிறேன், அதுங்ககூட ரெண்டு நாள்ல பழம் விட்டுடும். சாப்பிடறப்ப என்ன கேட்டேன்? என் மேல இன்னும் வருத்தமான்னு கேட்டேன். அதுக்கு ம்-னு சொல்றீங்க.' சவரிராஜ், ஏன் அப்படிச் செய்கிறான் என்று தெரியாமலே, ஜப்பானை அவளிடம் நீட்டினான். 'லூர்து, இதைக் கொஞ்சம் போட்டுக் கேளேன்.' 'ஐய, எனக்கெதுக்கு இந்தப் பூதம்?' 'ஒரு நிமிஷம். கேட்டுட்டு எந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு.' அவள் முடியை ஒதுக்கிக் கொண்டையிட்டுக்கொண்டு வாங்கி மாட்டினாள், அவன் இடது வலது பார்த்துக் காதில் பொருத்திவிட்டான், சத்தத்தைக் குறைத்தான், கடுகு போட்டான். முதலில் அவள் முகம் மலர்ந்தது. 'அட, நம்ம அடுப்படி! என் வளையல்தானே இது? என் தாளிப்பையா ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கிட்டு—' அதோடு நின்றுவிட்டது. தலையை வெடுக்கென்று இடப்பக்கம் சாய்த்து, வலது கிண்ணத்தைக் காதிலிருந்து பிடித்து இழுத்தாள். 'யம்மா! என்னங்க இது, இடப்பக்கம் கம்முனு இருக்கு, தள்ளி நின்னு தாளிக்கிற மாதிரி. வலப்பக்கம் கடுகு காதுக்குள்ளயே வந்து வெடிக்குது. ஊசியால குத்துற மாதிரி. இதைத்தான் பத்து நாளா ரிப்பேர் பண்ணீங்களா, இதை எப்படிக் காதுல வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?'

பஞ்சு பாதி, அட்டை, ஊசி பத்து, கம்பளி போச்சு. அத்தனையும் வேலை செய்திருக்கிறது. ஒன்றுகூட வீண்போகவில்லை, அவன் கை கெட்டிக்காரக் கைதான், வலது கிண்ணத்தை நாளுக்கு நாள் கூராக்கிக் கூராக்கி ஒரு மனுஷி மாட்டவே முடியாத அளவுக்கு அலற வைத்திருக்கிறான், அந்த அலறலை வாங்கி வாங்கி விழுங்கிவிட்டு இந்தக் காது கல்லுப்பிள்ளையார் மாதிரி சும்மா இருந்திருக்கிறது. அவள் கையிலிருந்து வாங்கினான். மாட்டினான், திருப்பி. பேட் கோணல்தான், இடுக்கு விழுந்தது, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். எண்ணெய் காய்ந்தது. முதல் கடுகு இடது காதில் வெடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு கூர், அவ்வளவு சுத்தம், இத்தனை அழகாக அது ஒருநாளும் வெடித்ததில்லை. வலது பக்கம் போர்வை. போர்வை நகரவில்லை. நாற்பது வினாடியும் கேட்டான், கறிவேப்பிலை சீறி அடங்கும்வரைக்கும் கேட்டான், கழற்றி மேசையில் வைத்தான். லூர்து அவன் முகத்தைப் பார்த்து என்னமோ ஏதோவென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், வழக்கம்போல வலது பக்கம். 'எனக்கு உன் மேல வருத்தம் இல்ல,' என்றான். 'அந்தப் பக்கம் உக்காராத. இங்க வா.' அவள் ஒன்றும் கேட்காமல் எழுந்து சுற்றி வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, கை தானாகப் போய் அவன் வலது காதைத் தொட்டது. 'எத்தனை நாளாங்க?' அவன் போனை எடுத்தான்.

டாக்டர் நளாயினி இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். 'சொல்லுங்க சவரி, ஞாயித்துக்கிழமை என்ன?' அவன் சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது வேலையில் பேசுகிற பேச்சு. 'ஒரு கேஸ் டாக்டர். திடீர்னு வலது காது போயிருக்கு. காதுல பீப் சத்தமும் இருக்கு.' 'எத்தனாவது நாள்?' 'பத்து.' 'வயசு?' 'நாப்பத்தொண்ணு.' 'பத்து நாளா? இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தாராம்?' சவரிராஜ் மேசையைப் பார்த்தான், தேநீர்த் தட்டில் கம்பளி வட்டம், பிய்த்த பஞ்சு, நுரையின் கருப்புப் பொடி. 'எண்ணெய் விட்டுட்டு இருந்தாராம் டாக்டர்.' அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. 'இன்னும் நாலு நாள் இருக்கு, அதுவே பெரிசு. இன்னிக்கே வரச் சொல்லுங்க, நான் வந்து பாக்கறேன். யாரு சவரி, உங்களுக்குத் தெரிஞ்சவரா?' அவன் போனை இடது காதிலிருந்து எடுத்தான், பத்து நாளைக்குப் பிறகு வலது காதில் வைத்தான், வைத்து அழுத்திக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி ஒரு முனகல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அது என்ன கேள்வி என்று அவனுக்குத் தெரியும். பேச்சு நின்றுபோன போனில் எவரும் கேட்கிற கேள்விதான், அவனே ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் கேட்கிற கேள்விதான், ஊகித்துச் சொல்லிவிடலாம். இடப்பக்கத்திலிருந்து லூர்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முகத்தைப் பார்த்தும்கூடச் சொல்லிவிடலாம். சவரிராஜ் பார்க்காமல் இருப்பதற்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

'கேக்கல டாக்டர்,' என்றான்.